வால்வு வைத்த கேன்

புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குச் சும்மா வராது. நாலு பேருக்கு நாலு பாடம் நடத்திவிட்டுத்தான் அடங்கும். தருவைகுளத்துக்கு மேற்கே இருந்த அந்த உப்பளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் வந்து சேர்ந்த கதையும் அப்படித்தான்.

அதுவரைக்கும் டீசலுக்கும் தகர டின்தான், குடிக்கிற தண்ணிக்கும் தகர டின்தான். உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் முறுக்கு மாதிரி. கடித்துத் தின்றுவிடும். கோடைக்குக் கோடை டின் மாற்றி அலுத்துப்போன முதலாளி, எழுபத்தாறாம் வருசம் தூத்துக்குடி ஆர்பர் பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் கேனை வாங்கி லாரியில் போட்டு அனுப்பிவிட்டார். ரெண்டு டீசலுக்கு, ரெண்டு தண்ணிக்கு. நாலும் ஒரே அச்சு. பால் வெள்ளை, மேலே கைப்பிடி, ஒரு மூலையில் திருகு மூடி. பார்க்க லட்சணம். உள்ளே இருப்பதை வெளியே ஊற்றச் சொன்னால்தான் அதன் குணம் தெரியும்.

தகர டின் என்றால் ஆணியை வைத்து எதிரெதிர் மூலையில் ரெண்டு ஓட்டை போடுவார்கள். ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்றுப் போக. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முதலாளி காசு போட்டு வாங்கிய புதுக் கேனில் ஓட்டை போடும் துணிச்சல் யாருக்கு வரும்? எல்லாரும் அது துப்புகிற துப்பை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் போனது சண்முகவடிவுக்கு மட்டும்தான்.

வடிவின் புருசன் செந்தில்வேல் அந்த அளத்து இஞ்சின் டிரைவர். டிரைவர் என்றால் எங்கேயும் ஓட்டிக்கொண்டு போகிறவன் இல்லை. இஞ்சின் கொட்டகைக்குள் இருந்த இடத்தில் இருக்கும். அதைக் கிளப்பி, கிணற்று உப்புத் தண்ணியை வாய்க்காலுக்கு ஏற்றிவிட வேண்டும், அது ஓடிப்போய்ப் பாத்திகளில் நிற்கும், மிச்சத்தை வெயிலும் கச்சான் காற்றும் பார்த்துக்கொள்ளும். கொட்டகைக்கு ஒட்டினாற்போல ஒரு ஓலைக் குடிசை. டிரைவராக இருக்கிறவன் குடும்பத்துக்கு அது. வேலை போனால் குடிசையும் போச்சு.

சித்திரை பிறந்த கையோடு ஒரு நாள் காலையில், செந்தில்வேல் இஞ்சினைக் கிளப்ப ஆண்டில் என்கிற இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றும்போது இஞ்சின் எதிர்த்து அடித்துவிட்டது. அந்த ஆண்டில் திரும்பி வந்து வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் தனக்கே கேட்டதாகப் பின்னால் சொன்னான். எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் பச்சிலையும் அரைத்துப் பூசி, காடாத் துணியால் முழங்கை வரைக்கும் சுற்றிவிட்டு, கட்டு அவிழ்க்கிற வரை இந்தக் கை உனக்குச் சொந்தமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

கோடைதான் உப்பு. கோடையில் இஞ்சின் நின்றால் அளத்துக்கே வேலை இல்லை. கங்காணி ஆறுமுகநயினார் குடிசை வாசலில் வந்து நின்றார். ஆள் கெட்டவர் இல்லை, ஆனால் வாய் திறந்தால் வெயில்தான். வேம்பாரில் ஒரு டிரைவர் வேலை இல்லாமல் இருக்கிறான், சொன்னால் பெண்டாட்டி பிள்ளையோடு நாளைக்கே பஸ் ஏறிவிடுவான் என்று ஆரம்பித்தார். செந்தில்வேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். உள்ளே கருப்பட்டிக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த வடிவு டம்ளரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். இஞ்சினின் காது எங்கே, மூக்கு எங்கே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இவன் சோறு தின்னும்போதும் இஞ்சின் பேச்சுத்தான் பேசுவான். ஆண்டில் சுற்றத்தான் பலம் வேண்டும். அதற்கு அளத்தில் உப்பு சுமக்கிற ஞானபாய் கை கொடுப்பதாகச் சொன்னாள். ஞானபாய் ஒரு ஓலைக் கொட்டான் நிறைய உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே வரப்பில் ஓடுகிறவள்.

நயினார் காப்பியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"இவன் கை கூடுத வரைக்கும் நீ பாரு. வேண்டாங்கல. ஆனா ஒண்ணு, வாய்க்கால்ல டீசல் விழப்பிடாது. ஒரு பாத்தி உப்பு நாறிச்சின்னா வியாபாரி குவிச்சு வச்ச மொத்த அம்பாரத்தையும் வேண்டாம்னுருவான். அப்புறம் வேம்பார்க்காரன வரச் சொல்லிருவேன். எங்கிட்ட அழுதுக்கிட்டு வரக்கூடாது, கேட்டியா?"

கேட்டாள். கேட்காமல் என்ன. அந்தக் கொட்டகையின் கூத்து அப்படி. டாங்கி இஞ்சினுக்கு மேலே, இஞ்சின் கிணற்றை ஒட்டி, காலடியிலேயே வாய்க்கால். ஊற்றும்போது சிந்தினால் நேரே தண்ணியில்தான்.

செந்தில்வேல் கைப்பலத்தில் சமாளித்துவந்த கேன், முதல் நாளே அவளிடம் தன் புத்தியைக் காட்டியது. புனலை டாங்கி வாயில் வைத்துக் கேனைச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் குபுக் என்று ஒரு வாய் துப்பியது. நின்றது. மறுபடி குபுக். புனலில் பாதி, அவள் மாரில் பாதி, வாய்க்காலில் ஒரு கை. தண்ணி மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் விரிந்து பாத்தியைப் பார்க்க நகர்ந்தது. வடிவு கேனைப் போட்டுவிட்டு வாய்க்காலில் குதித்தாள். மண்ணை வாரி மடையை அடைத்து, உடுத்திய சேலைத் தலைப்பையே படலத்தின் மேல் விரித்து ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். பாத்திக்கு ஒன்றும் போகவில்லை. ஆனால் நயினாருக்கு மூக்கு இருந்ததே! மத்தியானம் வந்தவர் கொட்டகை வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, ஒரு தடவை பொறுத்தாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் புருசனும் பெண்டாட்டியும் கேனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழைய சோறும் சாளைக் கருவாடும் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தன. தண்ணி நிரப்பிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். வாய் கீழே இருக்கிற மாதிரி சாய்த்தால்தான் துப்புகிறது, கேனைப் படுக்கப் போட்டு வாய் மேல்பக்கம் இருக்கிற மாதிரி ஊற்றினால் ஒழுங்காக வருகிறது என்று செந்தில்வேல் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தது சரிதான். ஆனால் நிறைந்த கேனை அப்படிப் படுக்கப் போட்டுத் தூக்கிப் பிடிக்க அவன் கை வேண்டும். அவள் கை நடுங்கியது, நடுங்கினால் சிந்தியது.

மறுநாள் அவள் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து வந்தாள். உள்ளே குழாய் மாதிரி பொள்ளல்தானே. கேன் வாய்க்குள் அதை விட்டுச் சாய்த்தால் காற்று காம்பு வழியாக உள்ளே போனது, டீசல் பக்கத்தில் ஒழுங்காக இறங்கியது. வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு ரெண்டு நாள் இருந்தது. காம்பு டீசலில் ஊறித் துவண்டு, ஒரு நாள் புனலுக்குள் நழுவி விழுந்து அடைத்துக்கொண்டது. நல்லவேளை, அவள் கீழே ஒரு பழைய சட்டியை ஏந்தி வைத்திருந்தாள். சிந்தினது சட்டியோடு போயிற்று.

தகர டின்னுக்குப் போடுகிற மாதிரி ரெண்டாவது ஓட்டை போட்டால் ஒழிய இது அடங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை போடுவது பெரிசில்லை. போட்ட ஓட்டையை மூடவும் திறக்கவும் வழி வேண்டும். இல்லையென்றால் வண்டியில் வரும்போது ஆடி ஆடி ஒழுகும். தருவைகுளத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜேசுதாசனிடம் போய் விசயத்தைச் சொன்னாள். அந்த மனுசர் யோசிக்கக்கூட இல்லை. குப்பையில் கிடந்த கிழிந்த டியூப் ஒன்றை எடுத்து, வால்வைச் சுற்றி ரப்பரை வட்டமாக வெட்டி, உள்ளே இருந்த ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொடுத்தார். திருகினால் மூடி, கழற்றினால் மூக்கு, இதைவிட என்ன வேணும் என்றார். ஒன்றை மட்டும் ரெண்டு தடவை சொன்னார். கேனில் டீசல் வாடைகூட இருக்கக்கூடாது, சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் சூட்டு ஆணி வைக்கணும், இல்லையென்றால் நீயும் இருக்க மாட்டாய், கேனும் இருக்காது.

அப்படியே செய்தாள். கழுவிக் காய்ந்த கேனின் பின்மூலையில், வாய்க்கு எதிர்ப்பக்கம், பழுக்கக் காய்ச்சிய ஆணியை வைத்தாள். பிளாஸ்டிக் வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுத்தது. கேன் வாய் வழியாகக் கை போகாது. அதனால் ஓட்டை வழியாக ஒரு நூலை உள்ளே விட்டு, வாய் வழியாக வெளியே எடுத்து, அதில் வால்வைக் கட்டி உள்ளே போட்டு நூலை இழுத்தாள். வால்வு தலையை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. நட்டைப் போட்டு முடுக்கினாள். ரப்பர் உள்ளே பிடித்துக்கொண்டது. இதெல்லாம் நடக்கும்போது செந்தில்வேல் தன் இடது கையால் கேனைப் பிடித்துக்கொண்டு, முதலாளி கேனுளா, முதலாளி கேனுளா என்று புலம்பிக்கொண்டே இருந்தான்.

ஊற்றிப் பார்த்தார்கள். வால்வு மூடியைக் கழற்றிச் சாய்த்தால், சத்தமே இல்லை. டீசல் நூல் பிடித்த மாதிரி புனலுக்குள் இறங்கியது. நிறுத்து என்று நிமிர்த்தினால் நின்றது. ஒரு சொட்டு கீழே இல்லை. நயினார் வந்து பார்த்தார். கேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். மோந்தார். ஓட்டை போடும் முன்னாலே என்னிடம் கேட்டிருக்கணும் என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அந்த இன்னொரு டீசல் கேனுக்கும் ஒன்று வைத்துவிடு என்று சொல்லிப் போனார்.

வடிவுக்குத் தலைகால் புரியவில்லை. இங்கேதான் கதை திரும்பியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவளுக்குச் சறுக்கியது சந்தோசத்தில்.

அளத்தில் நல்ல தண்ணிக்கு உள்ள மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. சுற்றிலும் தண்ணி, ஒரு மிடறு குடிக்க முடியாது. வண்டியில் வருகிற நல்ல தண்ணியைத் தண்ணிக் கேனில் பிடித்து வைப்பார்கள். அந்தக் கேனும் துப்பாமல் இருக்குமா? செம்பில் ஊற்றினால் செம்பளவு மண்ணுக்குப் போனது. ஞானபாய் கேட்டாள், எங்களுக்கும் அந்த மூக்கை வைத்துக் கொடேன் என்று. வடிவு சந்தோசமாக வைத்துக் கொடுத்தாள். நாலு கேனும் ஒரே அச்சு என்றேனே. இப்போது மூக்கும் ஒரே மூக்கு.

இனி ஒரு விசயம் சொல்ல வேண்டும். உப்பளத்து வெயில் தரையிலிருந்தும் வரும். உப்பு மேல் பட்ட வெளிச்சம் கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும். வெளியே நின்றுவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால், கொஞ்ச நேரத்துக்குக் குருடுதான். ஒன்றும் தெரியாது. அளத்து ஆட்கள் கண் திரும்பி வரட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். கை பார்த்துக்கொள்ளும். வடிவின் கையும் அப்படிப் பழகியிருந்தது. உள்ளே வந்ததும் கீழே தடவுவாள். கேன் மூலையில் வால்வு தட்டுப்பட்டால் அது டீசல். தூக்கி ஊற்ற வேண்டியதுதான்.

அன்றைக்கு வெயில் சொல்லி மாளாது. கச்சானும் அடங்கி, உப்பு படபடவென்று பொரிகிற மாதிரி இருந்தது. ஒரு தண்ணிக் கேன் காலையிலேயே காலி. மிச்சம் இருந்த கேன் சூடாகிறதே என்று ஞானபாய் அதைத் தூக்கிக்கொண்டுவந்து கொட்டகைக்குள் நிழலில் வைத்துவிட்டுப் போனாள். அந்த அளத்தில் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். பாத்தி மடையைத் திறந்துவிட்டு வந்த வடிவு, டாங்கியில் டீசல் குறைந்திருக்கும் என்று உள்ளே நுழைந்தாள். கண் இருட்டு. கீழே தடவினாள். வால்வு. மூடியைக் கழற்றினாள், தூக்கினாள், ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சிந்தியிருந்தால் கையில் பட்டிருக்கும், பட்டிருந்தால் வாடை இல்லை என்று தெரிந்திருக்கும். அவ்வளவு சுத்தமாக ஊற்றினாள்.

வெளியே வந்து வரப்பில் பாதி நடந்திருப்பாள். டுப் டுப் என்று சீராக அடித்துக்கொண்டிருந்த இஞ்சின் ஒரு அடி விட்டு அடித்தது. இருமியது. வெள்ளையாகப் புகை விட்டது. நின்றுவிட்டது.

அளம் முழுக்க ஒரே அமைதி. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தூரத்தில் அம்பாரத்துப் பக்கம் நின்ற நயினாரும் திரும்பிப் பார்த்தார். செந்தில்வேல் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குடிசையிலிருந்து ஓடி வந்தான், வடிவும் கொட்டகைக்குத் திரும்பி ஓடினாள். டாங்கி நிறைய இருக்கிறது, இஞ்சின் ஓடவில்லை. ரெண்டு பேருக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

இஞ்சின் நின்ற சாக்கில் தண்ணி குடிக்க வந்த ஞானபாய், நிழலில் இருந்த கேனைத் தூக்கிச் செம்பில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். கொண்டுபோன செம்பு பாதியில் நின்றது.

"ஏளா வடிவு, இது டீசல்லா."

வடிவு அந்தக் கேனை வாங்கி மோந்து பார்த்தாள். நான் என்னத்த ஊத்தினேன் என்று வாய்விட்டுக் கேட்டாள். பதில் டாங்கிக்குள் இருந்தது. வேம்பார் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு ஒரு குடும்பம் இறங்குவது அவள் கண்ணுக்குள் வந்தது. தன் சட்டி பானைகளை வெளியே எடுத்து வைப்பதும் வந்தது. அப்படியே இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

செந்தில்வேல்தான் அவள் தோளை இடது கையால் பிடித்து உலுக்கினான்.

"எந்திரிளா. உப்புத் தண்ணியில்ல, நல்ல தண்ணிதானே ஊத்தியிருக்க. உப்புத் தண்ணின்னா டீசல் பம்பே போயிருக்கும். தண்ணி கனம், அடியில போய்த்தான் நிக்கும். டாங்கியோட அடி நட்டத் தொற. எனக்குக் கை இல்ல, நீதான் தொறக்கணும்."

எழுந்தாள். பழைய சட்டியைக் கீழே வைத்து ஸ்பானரைப் போட்டாள். நட்டு இளகியதும் பளிங்கு மாதிரி தண்ணி வந்தது. அத்தனை பேரும் ஒரு நாள் குடிக்கிற தண்ணி. பார்க்கவே வயிறு எரிந்தது. சட்டி நிறைய நிறைய ஞானபாய் எடுத்துக் கொண்டுபோய் வாய்க்காலுக்கு எட்டத்தில் ஒரு குழியில் கொட்டினாள். தண்ணி நின்று, மஞ்சளாக வழவழவென்று டீசல் வந்தது. வடிவு அதைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தாள். அந்த நாற்றம் அன்றைக்கு மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. அப்புறம் அவன் சொல்லச் சொல்ல பில்டரைக் கழற்றிக் கழுவினாள், குழாயில் பிடித்த காற்றை நட்டு நட்டாக இளக்கி வெளியே விட்டாள். கடைசியாகக் கேன் வால்வைத் துடைத்து, சரியான கேனை மூன்று தடவை மோந்து பார்த்து டாங்கியை நிரப்பினாள்.

ஆண்டிலை வடிவும் ஞானபாயும் சேர்ந்து பிடித்தார்கள். முதல் சுற்று சும்மா போனது. ரெண்டாவது சுற்றில் இருமியது. கட்டைவிரலை மடக்காமல் பிடிளா என்று செந்தில்வேல் கத்தினான், அடிபட்டவன் புத்தி. மூன்றாவது சுற்றில் டுப் என்றது. இன்னொரு டுப். அப்புறம் பழையபடி சீராக அடிக்க ஆரம்பித்து, குழாய் வாயில் தண்ணி பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நயினார் வாசலில் நிற்பதைப் பார்த்தார்கள். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியாது. ஞானபாய் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தாள், இஞ்சினுக்குச் சூடு என்றோ என்னவோ. வடிவு அவளை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, டீசல்னு நெனச்சுக் குடிக்கத் தண்ணிய ஊத்திட்டேன். எங்கைதான் தப்பு பண்ணிச்சு. வேற யாரும் இல்ல."

நயினார் கொட்டகைக்குள் வந்தார். வாய்க்கால் ஓரம் குனிந்து தண்ணியைப் பார்த்தார். ஒரு கையளவு அள்ளி மூக்கருகில் கொண்டுபோனார். படலம் இல்லை, வாடை இல்லை. நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணி கேட்டார். அதுதானே இல்லை! ஞானபாய் தன் தூக்குச் சட்டியில் இருந்த பழைய சோற்று நீச்சத்தண்ணியைச் செம்பில் ஊற்றி நீட்டினாள். கங்காணி செம்பை வாங்கி, குடிக்கும் முன்னே ஒரு தடவை நன்றாக மோந்து பார்த்தார். அதைப் பார்த்து ஞானபாய்க்குச் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அவர் அடி வரைக்கும் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தார்.

"வாய்க்கால்ல தண்ணிக்குப் பதிலா டீசல ஊத்துனவங்கள பாத்திருக்கேன். டீசலுக்குப் பதிலா நல்ல தண்ணிய ஊத்துனவள இப்பத்தான் பாக்கேன். சரி, சிந்தல. அதத்தான நான் சொன்னேன்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பினார். "சாயங்கால பஸ்ஸுல வேம்பார்க்காரன் இனி காத்திருக்க வேண்டாம்னு சொல்லி விட்டுருதேன். தண்ணி வண்டிய இன்னொரு தடவ வரச் சொல்லுதேன். எல்லாரும் வேலையப் பாருங்க."

வடிவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். செந்தில்வேல் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்று, அழுவாதளா, அழுவாதளா என்று அவள் தலையைத் தடவினான். தடவினது இடது கையால் என்பதால் கொண்டை அவிழ்ந்ததுதான் மிச்சம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள். கட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த காடாத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். வைத்தியர் வைவாரு என்று அவன் கையை இழுத்தான். நீளமாக ஒரு துண்டு வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் டீசல் கேன் கைப்பிடியில் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டாள். அடுத்த டீசல் கேனுக்கு இன்னொரு துண்டு கிழித்தாள். வெளியே போய், உப்பு வெளிச்சத்தைக் கண் கூசுகிற வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கீழே தடவினாள். பச்சிலையும் முட்டையும் காய்ந்து மொரமொரத்த துணி கையில் சிக்கியது.

"இது டீசல்" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.

கட்டு அவிழ்த்து செந்தில்வேல் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, அவன் கொட்டகைக்குள் கேனைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவள் குடிசை வாசலில் பழைய சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் கிளம்புகிற வரைக்கும் கவளத்தை வாயில் வைக்கவில்லை. டுப் என்று கேட்டது. அப்புறம்தான் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.